பதினான்கு ‘ஆர்’, ஒரு ‘ஐ’

“ஆன்டிபயாட்டிக் அவனுக்குப் பழகிப்போச்சாம், அதான் மருந்து கேக்க மாட்டேங்குதாம்.” போன வருஷம் ஐப்பசியில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இந்த வாக்கியத்தைக் குறைந்தது ஏழெட்டுப் பேர் எழுதினார்கள். சித்தப்பா எழுதினார். நியூஜெர்ஸியில் இருக்கிற ஒன்றுவிட்ட அண்ணன் எழுதினார். அம்மா குரல் செய்தியாகவே அனுப்பினாள். எல்லாருக்கும் ஒரே நம்பிக்கை: மருந்துக்குப் பழகுவது நம்ம உடம்பு.

உண்மையில் பழகுவது கிருமி. என் அக்கா பையனுக்கு அப்போது ஆறு வயசு. அதுவரைக்கும் இரண்டு மூன்று தடவைதான் ஆன்டிபயாட்டிக் சிரப் குடித்திருப்பான். அவன் ரத்தத்தில் வளர்ந்த பாக்டீரியாவோ அவன் பெயர்கூடக் கேட்டிராத மருந்துகளையெல்லாம் எங்கெங்கோ பார்த்துத் தேறி வந்த ஒன்று. இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. உடம்புதான் பழகுகிறது என்று நினைத்தால், ‘நம்ம பிள்ளைக்கு நாம அதிகம் மருந்து குடுக்கறதில்லையே, நமக்கு வராது’ என்று அடுத்த வாக்கியம் தானாக வந்துவிடும். வரும். மற்றவர்கள் சாப்பிட்ட மருந்தின் விளைவு நம்ம பிள்ளைக்கு வரும்.

நடந்தது டெங்குவில் ஆரம்பித்தது. டெங்குவில் காய்ச்சல் இறங்கும்போதுதான் கவனமாக இருக்க வேண்டும் என்று ஊரில் எல்லாரும் சொல்வார்கள். நம்ம வீட்டில் நடக்கும்போது ‘அப்பாடா, காய்ச்சல் விட்டுருச்சு’ என்றுதான் தோன்றும். ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. அன்று ராத்திரியே கைகால் சில்லிட்டு, கோவில்பட்டியிலிருந்து மதுரைக்கு ஆம்புலன்ஸ். ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து நெஞ்சில் தேங்கி, மூச்சு விட முடியாமல் போகவே வென்டிலேட்டர் வைத்தார்கள். கழுத்து நரம்பில் ஒரு சென்ட்ரல் லைன், மூச்சுக்குழாயில் ஒரு டியூப், சிறுநீருக்கு ஒன்று, மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒன்று. இந்த நாலும்தான் அவன் உயிரைப் பிடித்து வைத்திருந்தன, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நான் ஐந்தோவனிலிருந்து கிளம்பி வந்து சேர்ந்தபோது ஆஸ்பத்திரியில் ஆறாம் நாள். பிளேட்லெட் ஏற ஆரம்பித்திருந்தது. “நாளைக்கு டியூபை எடுத்துடலாம்னு பாக்குறோம் சார்” என்றார் டியூட்டி டாக்டர். அக்கா ஆறு நாளில் முதல் தடவையாக உட்கார்ந்து இட்லி சாப்பிட்டாள்.

மறுநாள் காலையில் 103 டிகிரி. மத்தியானத்துக்குள் ரத்த அழுத்தம் சரிந்தது. டெங்கு முடிந்திருந்தது. இது வேறு.

ரத்தம் எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்பினார்கள். இந்தக் கல்ச்சர் என்பது எப்படி நடக்கிறது என்று அந்த மூன்று நாளில் நான் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ரத்தத்தை ஊட்டச்சத்து திரவம் இருக்கிற பாட்டிலில் விட்டு ஒரு இயந்திரத்தில் வைப்பார்கள். உள்ளே பாக்டீரியா பெருகினால் கரியமில வாயு வரும், அதைப் பார்த்து இயந்திரம் மணி அடிக்கும். எங்களுக்கு அன்று ராத்திரியே அடித்துவிட்டது. சீக்கிரம் அடிப்பது நல்ல செய்தி இல்லை, ரத்தத்தில் கிருமி நிறைய இருக்கிறது என்று பெரும்பாலும் அர்த்தம். பிறகு சாயம் ஏற்றிப் பார்ப்பார்கள். 1884-ல் கிராம் என்ற டென்மார்க் டாக்டர் கண்டுபிடித்த முறைதான் இன்றைக்கும். ‘கிராம் நெகட்டிவ்’ என்று காலையில் சொன்னார்கள். அடுத்து, என்ன இனம் என்று. கடைசியில்தான் எந்த மருந்துக்கு அடங்கும் என்று. ஒவ்வொன்றுக்கும் பாக்டீரியா வளர்ந்தாக வேண்டும், அதை யாரும் அவசரப்படுத்த முடியாது.

ஆனால் குழந்தைக்கு மூன்று நாள் பொறுமை கிடையாது. அதனால் டாக்டர்கள் ஊகித்து ஒரு மருந்தை ஆரம்பிக்கிறார்கள். அந்த ஐசியூவில் வழக்கமாக எந்தக் கிருமி வருகிறது என்ற அனுபவத்தை வைத்து. எங்களுக்கு மெரோபெனம் போட்டார்கள். கார்பபெனம் என்ற வகை, சாதாரணமாக இதற்கு மேல் போக வேண்டியிருக்காது என்று இருந்த மருந்து. முப்பது மணி நேரம் ஆகியும் காய்ச்சல் இறங்கவில்லை.

அம்மா திருநீற்றுப் பொட்டலத்தோடு வந்து நின்றாள். நெற்றியில் பூசணும். நர்ஸ் அம்மாவைவிட இருபத்தைந்து வயசு சின்னவள், “வேணாம்மா, குழாய் பக்கத்துல தூள் எதுவும் கூடாது” என்றாள். அம்மா நகரவில்லை. கடைசியில் அந்தப் பெண்ணே ஒரு ஜிப் கவரில் பொட்டலத்தைப் போட்டு, கவரை ஸ்பிரிட்டில் துடைத்து, கட்டில் தலைமாட்டுக் கம்பியில் கட்டிவிட்டாள். எத்தனை பாட்டிமார்களைப் பார்த்திருப்பாளோ.

மூன்றாம் நாள் ரிப்போர்ட் வந்தது. கிளெப்சியெல்லா நிமோனியே. கீழே மருந்துப் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் நேராக ஓர் ஆங்கில எழுத்து. ‘எஸ்’ என்றால் கிருமி அடங்கும், ‘ஆர்’ என்றால் அடங்காது. ஆம்பிசிலின் ஆர். செஃப்ட்ரையாக்சோன் ஆர். அமிகாசின் ஆர். மெரோபெனம் ஆர். நான் கோடு எழுதிப் பிழைக்கிறவன், பக்கம் பக்கமாகச் சிவப்புப் பிழைச் செய்திகளைப் பார்த்து வளர்ந்தவன். இந்தப் பட்டியலைக் கீழே வரைக்கும் தள்ளிப் பார்த்தபோது வயிற்றில் ஏதோ புரண்டது. பதினான்கு ஆர். கடைசி வரியில் கொலிஸ்டின், அதற்கு நேராக ‘ஐ’, அதாவது இடைநிலை.

“ஒண்ணுக்குக்கூட எஸ் இல்லையே டாக்டர்?” என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்னது எனக்கு மறக்காது. கொலிஸ்டினுக்கு இனி எஸ் என்று போடவே மாட்டோம் என்றார். உலகம் முழுக்க லேப்கள் பின்பற்றுகிற அமெரிக்கத் தர விதிகளில் 2020-லிருந்து கொலிஸ்டினுக்கு எஸ் என்ற கட்டமே எடுக்கப்பட்டுவிட்டதாம். ஐ அல்லது ஆர், இரண்டுதான். ஏனென்றால் அந்த மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று யாரும் தைரியமாகச் சொல்ல முடியவில்லை. 1950-களில் புழக்கத்துக்கு வந்து, சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று 1970-களில் ஒதுக்கி வைத்த மருந்து அது. வேறு வழியில்லாமல் திரும்ப அலமாரியிலிருந்து எடுத்திருக்கிறார்கள்.

லேபில் இன்னொரு சோதனையும் செய்தார்கள். கிருமியிடம் என்.டி.எம். என்ற மரபணு இருந்தது. இதை விளக்காமல் மேலே போக முடியாது. பென்சிலினிலிருந்து மெரோபெனம் வரைக்கும் ஒரு பெரிய மருந்துக் குடும்பம். எல்லாவற்றின் நடுவிலும் நாலு மூலையுள்ள ஒரு வளையம் உண்டு, பீட்டா லாக்டம் வளையம். என்.டி.எம். என்பது அந்த வளையத்தை உடைக்கிற என்சைம். அதைச் செய்யும் மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிட் என்ற தனி டிஎன்ஏ வளையத்தில் இருக்கும். ஒரு பாக்டீரியா அதைப் பிரதி எடுத்து இன்னொன்றுக்குக் கொடுக்கலாம், வேறு இனத்துக்கும்கூட. தாத்தா, அப்பா, பையன் என்று இறங்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக்காரனுக்குப் பென்டிரைவ் கொடுக்கிற மாதிரி. அதே பென்டிரைவில் வேறு மருந்துகளை முறியடிக்கிற மரபணுக்களும் சேர்ந்தே இருக்கும். பதினான்கு ஆர் அப்படித்தான் ஒரே நேரத்தில் வருகிறது.

இந்த என்சைமால் உடைக்க முடியாத ஒரு மருந்து அந்தக் குடும்பத்தில் உண்டு. அஸ்ட்ரியோனாம். ஆனால் இந்தக் கிருமிகள் என்.டி.எம். மட்டும் வைத்திருப்பதில்லை, கூடவே வேறு என்சைம்களும் வைத்திருக்கும், அவை அஸ்ட்ரியோனாமை உடைத்துவிடும். அந்த மற்ற என்சைம்களைக் கட்டிப்போட அவிபாக்டம் என்ற துணை மருந்து இருக்கிறது. அது தனியாகக் கிடைக்காது, எங்களுக்குச் செஃப்டாசிடைம் என்ற மருந்தோடு சேர்த்துத்தான் ஒரே குப்பியில் கிடைத்தது. செஃப்டாசிடைமை என்.டி.எம். உடைத்துவிடும், அதனால் பிரயோஜனம் இல்லை. ஆனாலும் அவிபாக்டத்துக்காக அதையும் சேர்த்தே ஏற்ற வேண்டியிருந்தது. ஒரு சின்ன லைப்ரரிக்காக முழு பேக்கேஜையும் இன்ஸ்டால் செய்கிறவர்களுக்கு இது புரியும். டாக்டரிடம் இந்த உதாரணத்தைச் சொன்னேன், அவர் சிரிக்கவில்லை. பார்மசியில் மருந்து இருக்கிறதா என்று போனில் கேட்டுக்கொண்டிருந்தார்.

செஃப்டாசிடைம்-அவிபாக்டத்துக்கு அமெரிக்காவில் 2015-ல் பெரியவர்களுக்கு அனுமதி கிடைத்தது. குழந்தைகளுக்குக் கிடைத்தது 2019-ல். புது ஆன்டிபயாட்டிக் எதுவானாலும் வழக்கமாக இப்படித்தான், குழந்தைகள் வரிசையில் பின்னால். அஸ்ட்ரியோனாமையும் அவிபாக்டத்தையும் ஒரே குப்பியில் போட்டு 2024-ல் ஐரோப்பாவில் அனுமதித்தார்கள். அதுவும் பெரியவர்களுக்குத்தான். ஆறு வயசுப் பையனுக்கு இரண்டு குப்பிகளையும் எடைக்குத் தக்கபடி கணக்குப் போட்டு ஏற்றினார்கள். நாலாம் நாள் காய்ச்சல் இறங்கியது. மொத்தம் 31 நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். பில்லில் கட்டில் வாடகையைவிட இந்த இரண்டு குப்பிகளின் வரிதான் பெரிதாக இருந்தது.

பக்கத்துக் கட்டிலில் ஒரு வயசுகூட ஆகாத பெண் குழந்தை. அவளுக்கும் கிளெப்சியெல்லா, ஏறக்குறைய அதே ரிப்போர்ட். அப்பா மினி லாரி ஓட்டுகிறவர். அவர்களால் கொலிஸ்டின் வரைக்கும்தான் போக முடிந்தது. மூன்றாம் நாள் சிறுநீர் குறைந்தது, பிறகு அரசு ஆஸ்பத்திரிக்கு மாற்றிக்கொண்டு போனார்கள். அந்த அம்மாவும் அக்காவும் வராந்தாவில் ஒரே பாயில் படுத்திருந்தவர்கள். போன் நம்பர் அக்காவிடம் இருக்கிறது. இன்றுவரை அவள் கூப்பிடவில்லை.

இது எப்படி உள்ளே வந்தது? அத்தான் டாக்டரை நேரடியாகவே கேட்டார். கிளெப்சியெல்லா ஒன்றும் அபூர்வக் கிருமி இல்லை. நம்ம எல்லார் குடலிலும் இருக்கக்கூடியது, அங்கே இருக்கிற வரைக்கும் பிரச்சினை செய்யாது. ஐசியூவில் கைகள் வழியாக, கட்டில் கம்பி, சிங்க், குழாய் மூட்டு வழியாக, எதிர்ப்புச் சக்தியுள்ள வகை ஒரு குழந்தையிடமிருந்து இன்னொரு குழந்தைக்குப் போகிறது. முதலில் தோலிலும் குடலிலும் குடியேறும். தோலைத் துளைத்து ரத்தத்துக்குப் போகிற ஒரு லைன் இருந்தால் அதுவே அதற்கு ரோடு. பிளாஸ்டிக் மேல் வழுவழுப்பாக ஒரு படலம் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் மருந்து உள்ளே எட்டாது. அந்த வார்டு வாசலில் கை சுத்தம் செய்யும் பாட்டில் இரண்டு நாளாகக் காலியாக இருந்ததை நான் பார்த்தேன். எட்டுக் குழந்தைக்கு ராத்திரியில் மூன்று நர்ஸ். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஒரு நர்ஸ் ஒவ்வொரு தொடுதலுக்கும் முன்னும் பின்னும் முறைப்படி கை கழுவினால் ராத்திரியில் பாதி அதற்கே போய்விடும். ஆள் போடாமல் போஸ்டர் ஒட்டுவது நிர்வாகத்தின் வேலை.

டெல்லியில் மூன்று பெரிய அரசு மருத்துவமனைகளில் 2011-லிருந்து 2014 வரை பச்சிளம் குழந்தைகளிடம் நடந்த ஆய்வு ஒன்று 2016-ல் வந்தது. அங்கே ரத்தத் தொற்றுக்கு முதல் காரணமாக இருந்த அசினெட்டோபாக்டர் கிருமியில் 82 சதவீதம் பல மருந்துகளுக்கும் அடங்காதது. கிளெப்சியெல்லாவில் 54 சதவீதம். உலக அளவில், மருந்துக்கு அடங்காத பாக்டீரியா நேரடியாகக் காரணமாகி 2019-ல் 12.7 லட்சம் பேர் இறந்தார்கள் என்று ஒரு பெரிய கணக்கு சொல்கிறது. அதில் ஐந்தில் ஒருவர் ஐந்து வயசுக்குக் கீழே.

இதைப் பேசும்போதெல்லாம் மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் மாத்திரை வாங்குகிற ஜனங்களைத்தான் திட்டுகிறார்கள். அதுவும் காரணம்தான், அதற்காகத்தான் 2014-லிருந்து எச்-1 பட்டியல் விதி அமலில் இருக்கிறது. ஆனால் மெரோபெனத்தை யாரும் தெருமுனைக் கடையில் வாங்கிச் சாப்பிடுவதில்லை. ஐசியூவில் குழந்தைகளைத் தாக்குகிற தொற்றைப் பொறுத்தவரை, ஆஸ்பத்திரிக்குள் கைச்சுத்தமும் லைன் பராமரிப்பும் முதலில் வரவேண்டும் என்பது என் கட்சி. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுச் சொச்சம் ஐசியூக்களில், லைன் போடும்போது கை கழுவியாச்சா, தோலைக் குளோர்ஹெக்சிடினால் துடைத்தாச்சா, முழுத் திரை போர்த்தியாச்சா, தேவையில்லாத லைனை எடுத்தாச்சா என்று ஒரு சின்னப் பட்டியலைக் கண்டிப்பாக்கினார்கள். லைன் வழித் தொற்று 66 சதவீதம் வரை குறைந்ததாக 2006-ல் எழுதினார்கள். புது மருந்து எதுவும் இல்லை. நமக்கும் அதிலிருந்து ஒரு கேள்வி கிடைக்கிறது, ரவுண்ட்ஸ் வரும்போது தினமும் மரியாதையாகக் கேட்கலாம்: “இந்த லைன் இன்னைக்கும் தேவைப்படுதா டாக்டர்?” அத்தான் கேட்டார். இரண்டாம் தடவை கேட்டபோது சிறுநீர் டியூபை எடுத்தார்கள்.

என்.டி.எம். பெயரின் கதை நம்மைப் போல வெளியே இருக்கிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். விரிவு ‘நியூ டெல்லி’ என்றுதான் தொடங்கும். டெல்லியில் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு 2008-ல் ஸ்வீடனுக்குத் திரும்பிய ஓர் இந்திய வம்சாவளிக்காரரின் சிறுநீரில், அதே கிளெப்சியெல்லாவில்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். 2010-ல் இந்தியா, பாகிஸ்தான், பிரிட்டன் மூன்றிலும் அது பரவியிருப்பதைக் காட்டிய கட்டுரை வந்தது. அதன் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. இந்தியாவில் பெரிய ரகளை. நம்ம தலைநகரின் பெயரை எப்படி வைக்கலாம், மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கச் சதி என்றெல்லாம். பெயர் வைத்தது நாகரிகமில்லை என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அடுத்த வருஷமே டெல்லியில் தெருவில் தேங்கிய நீர் 171 மாதிரிகளில் 51-லும், குழாய்த் தண்ணீர் 50 மாதிரிகளில் 2-லும் அந்த மரபணு இருந்தது என்று வந்தது. அதற்கு அந்த அளவு சத்தம் கேட்கவில்லை. 2012-ல் சென்னையில் டாக்டர்கள் கூடி, டாக்டர் அப்துல் கஃபூர் முன்னின்று, ‘சென்னைப் பிரகடனம்’ என்று ஒரு செயல்திட்டம் போட்டார்கள். ஆன்டிபயாட்டிக் விற்பனைக்கு விதி வர வேண்டும் என்று அழுத்தியதில் அதற்குப் பங்கு உண்டு.

நெதர்லாந்தில் இருக்கிற தமிழர்கள் நாலு பேர் சேர்ந்தால் ஹவுஸ்ஆர்ட்ஸைப் பற்றிப் பேச்சு வந்தே தீரும். குடும்ப டாக்டர். காய்ச்சலா, பாராசிட்டமால். இருமலா, பாராசிட்டமால், ஒரு வாரம் கழித்து வாங்க. அதனால் ஊருக்குப் போய் வரும்போது பெட்டியில் முறுக்குக்குப் பக்கத்தில் அசித்ரோமைசின் அட்டையும் வரும். இந்த நாட்டில் ஐசியூவில் ஊகித்துப் போடுகிற மருந்து பெரும்பாலும் வேலை செய்கிறது என்றால், அதற்கு அந்தப் பாராசிட்டமால் கஞ்சத்தனமும் ஒரு காரணம். மதுரையில் அந்த முப்பது மணி நேரத்தை உட்கார்ந்து பார்த்த பிறகு நான் அந்த ஜோக்குக்குச் சிரிப்பதில்லை.

பயணத்திலும் இருக்கிறது. டச்சுப் பயணிகள் சுமார் 2000 பேரிடம் போவதற்கு முன்னும் பின்னும் மல மாதிரி எடுத்துப் பார்த்த ஆய்வு 2017-ல் வெளியானது. தெற்காசியாவுக்குப் போய் வந்தவர்களில் நாலில் மூன்று பேர், செஃபலோஸ்போரின் மருந்துகளை உடைக்கிற பாக்டீரியாவைக் குடலில் வாங்கிக்கொண்டு வந்திருந்தார்கள். பெரும்பாலோரிடம் ஒன்றிரண்டு மாதத்தில் போய்விட்டது. ஒன்பதில் ஒருவரிடம் வருஷம் கழித்தும் இருந்தது. யாருக்கும் ஒரு நோயும் தெரியாது. அதனால்தான் இங்கே ஆஸ்பத்திரியில் சேரும்போது, ‘சமீபத்தில் வேறு நாட்டு மருத்துவமனையில் தங்கியிருக்கிறீர்களா?’ என்று கேட்கிறார்கள். நம்மவர்கள் பலர் இதை அவமானமாக எடுத்துக்கொண்டு ‘இல்லை’ என்று சொல்லிவிடுவதை நான் கேட்டிருக்கிறேன்.

இந்த மே மாதம் அக்கா குடும்பம் எங்களிடம் வந்திருந்தது. பையன் சைக்கிளில் விழுந்து முழங்கை முறிந்து, ஆபரேஷன். அட்மிஷன் மேசையில் அதே கேள்வி. அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு அவளே போனைத் திறந்து மதுரை ரிப்போர்ட்டைக் காட்டினாள், பதினான்கு ஆரும் தெரிகிற மாதிரி. அந்தப் பெண் நன்றி சொல்லி, யாரையோ கூப்பிட்டாள். தனி அறை, கவுன், கையுறை, பின்பக்கத்திலிருந்து ஒரு ஸ்வாப். இரண்டு நாளில் முடிவு வந்தது. கிருமி அவன் குடலில் இன்னும் இருக்கிறது.

அக்கா முகம் வெளுத்துவிட்டது. தொற்றுத் தடுப்பு நர்ஸ் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேசினார். இது நோய் இல்லை, மருந்து வேண்டாம், கொடுத்தால் இன்னும் மோசமாகலாம். காலப்போக்கில் மற்ற பாக்டீரியாக்கள் பெருகி இதை ஒதுக்கிவிட வாய்ப்பு உண்டு. பள்ளிக்கூடம் போகலாம், விளையாடலாம், யாரையும் கட்டிக்கொள்ளலாம், கக்கூஸ் போனால் சோப்புப் போட்டுக் கை கழுவணும். இனி எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் இதைச் சொல்லுங்கள், அப்போதுதான் அவனுக்கு ஏதாவது வந்தால் சரியான மருந்தை முதல் மணி நேரத்திலேயே போடுவார்கள் என்றார். ஃபைலில் ஒரு குறி போட்டார்கள்.

ராத்திரி அம்மாவிடம் வீடியோ காலில் இதையெல்லாம் விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “அப்ப அது பிள்ளைக்குப் பழகல, இது வேற ஏதோ ஜீவன் உள்ள குடியிருக்கு, அப்படித்தான?” என்றாள். அப்படித்தான் என்றேன். “சரி, ரிப்போர்ட்ட எனக்கும் அனுப்பு, இங்க கோவில்பட்டி டாக்டர்கிட்ட குடுத்து வைக்கிறேன்” என்றாள்.